தற்காலிகப் பதவியும் நிலையான விதியும்

பொதுத்தேர்தல் முடிந்து புதிய அவை கூடும் ஒவ்வொரு முறையும் செய்திகளில் தலைகாட்டி, இரண்டொரு நாளில் மறைந்துவிடும் சொல் ஒன்று உண்டு: 'புரோ டெம்'. பத்திரிகையில் மொழிபெயர்ப்புப் பணியில் இருந்த காலத்தில் இந்தச் சொல் என்னைப் பலமுறை தடுமாற வைத்திருக்கிறது. 'தற்காலிக' என்று எழுதினால் ஏதோ அலட்சியம் தொனிக்கும். 'இடைக்கால' என்று எழுதினால் நீதிமன்றத் தடை உத்தரவு நினைவுக்கு வரும். பெயருக்குப் பின்னால் 'பொறுப்பு' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தால், அரசு அலுவலக வாசலில் தொங்கும் பெயர்ப் பலகைபோல் ஆகிவிடும். மூன்றையும் மாற்றி மாற்றி எழுதி ஒப்பேற்றினோம்.

இன்று எண்ணிப் பார்க்கையில், அந்தத் தடுமாற்றத்துக்குத் தமிழைக் குறை கூற முடியாது என்றே தோன்றுகிறது. அந்தப் பதவியின் எல்லை எது, அதில் அமர்பவரை எப்படித் தேர்வு செய்வது என்பதை நாம் எங்கும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. வரையறை இல்லாத ஒன்றுக்குப் பெயரிடுவது கடினம்தான்.

'புரோ டெம்போரே' என்ற லத்தீன் தொடரின் சுருக்கமே 'புரோ டெம்'. 'டெம்பஸ்' என்றால் காலம். 'புரோ' என்றால் 'பொருட்டு' அல்லது 'பதிலாக'. 'அந்தக் காலத்தின் பொருட்டு', அதாவது 'அப்போதைக்கு' என்பதே இதன் பொருள். அலுவலர் ஒருவர் விடுப்பில் சென்றால் அவருடைய வேலையை இன்னொருவர் பார்ப்பதைப் போன்ற எளிய ஏற்பாடுதான் இது. ஆனால், அந்த அலுவலர் யாராலும் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால், அவர் இடத்தில் அமர்பவரை அமர்த்துவது யார் என்ற கேள்வி எழுகிறது. அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

லத்தீன் பேசிய பண்டைய ரோமானியர்களும் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய குடியரசில், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் 'கான்சல்'கள் இருவரும் இல்லாமல் போனால், செனட் அவையைச் சேர்ந்த ஒருவர் 'இன்டர்ரெக்ஸ்' என்ற இடைக்காலத் தலைவராக நியமிக்கப்படுவார். அவருடைய பதவிக்காலம் 5 நாள்கள் மட்டுமே. அதற்குள் வேலை முடியவில்லை என்றால் அடுத்தவர் வருவார். புதிய கான்சல்களுக்கான தேர்தலை நடத்துவதே அந்தப் பதவியின் நோக்கம். அந்த அளவுக்கு எச்சரிக்கையாக அமைக்கப்பட்ட பதவியும் ஒருநாள் வழி தவறியது. கி.மு. 82-இல் இன்டர்ரெக்ஸாக இருந்த லூசியஸ் வலேரியஸ் ஃபிளாக்கஸ், தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக, படைத் தளபதி சுல்லாவைக் கால வரம்பற்ற சர்வாதிகாரியாக்கும் சட்டத்தை முன்மொழிந்து நிறைவேற்றினார். சில நாள்களே ஆயுள் கொண்ட பதவியின் கையெழுத்து, ஒரு குடியரசின் போக்கையே திருப்பிவிட்டது.

நமது அரசமைப்புச் சட்டத்தில் 'புரோ டெம்' என்ற சொல்லே கிடையாது. மக்களவை கலைக்கப்பட்டாலும் அதன் தலைவர், புதிய அவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை பதவியில் தொடர்வார் என்கிறது 94-ஆவது பிரிவு. அந்தக் கணத்தில் தலைவர் பதவி காலியாகிவிடும். துணைத் தலைவர் பதவியோ ஏற்கெனவே காலியாகியிருக்கும். அந்த நிலையில், குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர் ஒருவர் அவைத் தலைவரின் கடமைகளை ஆற்றுவார் என்கிறது 95-ஆவது பிரிவு. மாநிலச் சட்டப்பேரவைகளைப் பொறுத்தவரை 180-ஆவது பிரிவு இதே அதிகாரத்தை ஆளுநருக்கு அளிக்கிறது. எந்த உறுப்பினர், எந்தத் தகுதியின் அடிப்படையில், எத்தனை நாளுக்கு, எந்தெந்தக் கடமைகளுக்கு என்பதைப் பற்றி இந்தப் பிரிவுகள் எதுவும் சொல்வதில்லை.

இந்த இடைவெளியை இதுகாறும் நிரப்பி வந்தது மரபு. அவையின் மிக மூத்த உறுப்பினர்களில் ஒருவர் தற்காலிகத் தலைவராவார், புதிய உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்து வைப்பார், தலைவர் தேர்தலை நடத்துவார், நாற்காலியைவிட்டு இறங்கிவிடுவார். அரசமைப்புச் சட்டம் பிறப்பதற்கு முன்பே வந்த மரபு இது. 1946 டிசம்பர் 9 அன்று அரசமைப்பு நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியபோது, வயதில் மூத்தவரான சச்சிதானந்த சின்ஹா தற்காலிகத் தலைவராக அமர்ந்தார். இரண்டே நாளில், டிசம்பர் 11 அன்று, ராஜேந்திர பிரசாத் நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சின்ஹாவை யாரும் ஐயுறவில்லை. அவருடைய வயதை யாரும் அரசியல் நோக்கத்துடன் நிர்ணயித்திருக்க முடியாது அல்லவா?

மரபு நல்லபடியாக இயங்கியதற்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2014-இல் பாஜக பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்தபோது, தற்காலிகத் தலைவராக நியமிக்கப்பட்டவர் 9 முறை வென்ற காங்கிரஸ் உறுப்பினர் கமல் நாத். 2019-இல் நிலைமை சற்று மாறியது. 8 முறை வென்ற மேனகா காந்தி, சந்தோஷ் கங்வார் போன்றோர் அவையில் இருந்தும், 7 முறை வென்ற வீரேந்திர குமார் அமர்த்தப்பட்டார். மூவரும் ஆளும் கட்சியினர் என்பதால் அது பெரிய விவாதம் ஆகவில்லை.

2024 ஜூனில் அது விவாதமானது. 18-ஆவது மக்களவையின் தற்காலிகத் தலைவராக, கட்டாக் தொகுதியிலிருந்து தொடர்ந்து 7-ஆவது முறையாக வென்ற பாஜக உறுப்பினர் பர்த்ருஹரி மஹதாப் நியமிக்கப்பட்டார். கேரளத்தின் மாவேலிக்கரையிலிருந்து வென்ற காங்கிரஸ் உறுப்பினர் கொடிக்குன்னில் சுரேஷுக்கு அது 8-ஆவது முறை. மரபு மீறப்பட்டுவிட்டதாக எதிர்க்கட்சிகள் கூறின. சுரேஷ் இடையில் 1998, 2004 தேர்தல்களில் தோற்றவர். இடைவெளியின்றித் தொடர்ந்தவர் மஹதாப் என்பது அரசின் பதில். மஹதாபுக்கு உதவியாக நியமிக்கப்பட்ட ஐவரில் சுரேஷ், திமுகவின் டி.ஆர். பாலு, திரிணமூல் காங்கிரஸின் சுதீப் பந்தோபாத்யாய ஆகிய மூவரும் அந்தப் பணியை ஏற்க மறுத்தனர்.

இந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்டால், இரு கணக்கும் பொருந்தக்கூடியவையே என்பேன். மொத்த அனுபவத்தை மூப்பு எனக் கொள்ளலாம். தொடர்ச்சியான அனுபவத்தையும் மூப்பு எனக் கொள்ளலாம். தவறு வேறிடத்தில் இருக்கிறது. எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்று தேர்தலுக்கு முன்பே முடிவு செய்யாமல், வென்றவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்ததுதான் தவறு. ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை எழுதினால், எழுதியவர் நேர்மையாளராகவே இருந்தாலும் எதிர்த்தரப்பு நம்பாது.

உறுதிமொழி செய்து வைக்கும் சடங்குக்கு இவ்வளவு சர்ச்சை தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். 2024 ஜூன் 26 அன்று நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். மக்களவைத் தலைவர் பதவிக்கு ஓம் பிர்லாவும் கொடிக்குன்னில் சுரேஷும் போட்டியிட்டனர். தேர்தலை நடத்தியவர் தற்காலிகத் தலைவர். குரல் வாக்கெடுப்பில் பிர்லா தேர்வானதாக அவர் அறிவித்தார். பிரிவு வாக்கெடுப்பைத் தாங்கள் வலியுறுத்தவில்லை என்றது காங்கிரஸ். உறுப்பினர்கள் கேட்டும் அனுமதிக்கப்படவில்லை என்றது திரிணமூல் காங்கிரஸ். ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்ததால் முடிவு மாறியிருக்க வாய்ப்பில்லை. எனினும், எந்தக் குரல் பலமாக ஒலித்தது, யார் பிரிவு வாக்கெடுப்பு கேட்டார்கள் என்பதைத் தீர்மானிக்கும் செவி அந்தச் சில நிமிடங்களுக்குத் தற்காலிகத் தலைவருடையதாகவே இருந்தது. பெரும்பான்மை இரண்டு மூன்று இடங்களில் ஊசலாடும் அவையில் அந்தச் செவியின் மதிப்பு என்னவாக இருக்கும்?

அதற்கான விடை மாநிலங்களில் கிடைக்கிறது. 2018 மே மாதம், எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத கர்நாடகத்தில் எடியூரப்பா முதல்வராகப் பதவியேற்றார். மறுநாளே பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும் என்று மே 18 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வாக்கெடுப்பை நடத்துவதற்காக ஆளுநர் நியமித்த தற்காலிகத் தலைவர், பாஜகவின் கே.ஜி. போப்பையா. அவரைவிட மூத்த உறுப்பினராக காங்கிரஸின் ஆர்.வி. தேஷ்பாண்டே இருந்தார். 2010-இல் பேரவைத் தலைவராக இருந்தபோது எடியூரப்பாவுக்கு எதிராகத் திரும்பிய உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தவர் போப்பையா. அந்த உத்தரவை 2011-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்திருந்தது. நியமனத்தை எதிர்த்து மே 19 காலையில் நீதிமன்றம் சென்றவர்களுக்கு ஓர் இக்கட்டு காத்திருந்தது. நியமனத்தை ஆராய வேண்டுமானால் போப்பையாவின் தரப்பையும் கேட்க வேண்டும். அப்படியானால் வாக்கெடுப்பு தள்ளிப்போகும் என்றது நீதிமன்றம். கடைசியில், அவை நடவடிக்கைகள் நேரலையாக ஒளிபரப்பப்படும் என்ற உறுதியுடன் அந்த வழக்கு முடிந்தது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா பதவி விலகினார்.

இது ஒரு கட்சியின் குணம் என்று எண்ணிவிட வேண்டாம். 2019 நவம்பரில் மகாராஷ்டிரத்தில், தற்காலிகத் தலைவரே நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதையொட்டி பாஜகவின் காளிதாஸ் கோலம்ப்கர் நியமிக்கப்பட்டார். வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே ஃபட்னவீஸ் விலகினார். உத்தவ் தாக்கரே முதல்வரானார். புதிய அரசு செய்த முதல் வேலைகளுள் ஒன்று, தற்காலிகத் தலைவரை மாற்றியது. கோலம்ப்கரின் இடத்தில் தேசியவாத காங்கிரஸின் திலீப் வால்சே பாட்டீல் அமர்ந்தார். நிரந்தரத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்பே, நவம்பர் 30 அன்று, அவரே நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தினார். நாற்காலியின் மதிப்பை இரு தரப்பும் ஒரே மாதிரி மதிப்பிட்டிருந்தன.

தமிழகத்தில் இத்தகைய பூசல் எழுந்ததாக நம்மில் பலருக்கு நினைவிருக்காது. 2021 மே மாதம் கு. பிச்சாண்டி தற்காலிகப் பேரவைத் தலைவராக உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்து வைத்தார். மறுநாள் மு. அப்பாவு பேரவைத் தலைவராகவும், பிச்சாண்டியே துணைத் தலைவராகவும் போட்டியின்றித் தேர்வாயினர். தெளிவான பெரும்பான்மை இருக்கும்போது தற்காலிகத் தலைவர் யார் என்பது யாரையும் உறுத்துவதில்லை. ஆனால், அமைதியான காலத்தில் யாரும் கவனிக்காத கதவுதான் நெருக்கடிக் காலத்தில் முதலில் தட்டப்படும். விதியை எழுத உகந்த வேளை அந்த அமைதிக் காலமே.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? ஜெர்மனியின் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் வயதில் மூத்த உறுப்பினரே முதல் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது நெடுநாள் வழக்கம். 2017-இல் அந்த விதி மாற்றப்பட்டு, மிக நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் தலைமை வகிப்பார் என்றானது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்த இடத்தில் அமர்வதைத் தடுக்கவே இந்த மாற்றம் என்ற விமர்சனம் எழுந்தது. அதில் உண்மை இருக்கலாம். இருப்பினும், தேர்தலுக்கு முன்பே, வெளிப்படையாக, எழுத்தில் மாற்றினார்கள். அதே விதிப்படி 2025-இல் இடதுசாரிக் கட்சியின் கிரெகோர் கீசி தலைமை வகித்தபோது, ஆளப்போகிறவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

'யார்' என்பதை மட்டும் எழுதினால் போதாது என்பதற்கும் ஜெர்மனியிலேயே சான்று உண்டு. துரிங்கியா மாநிலப் பேரவையில் வயதில் மூத்தவர் தலைமை வகிக்கும் விதி நீடித்தது. 2024 செப்டம்பரில் அப்படித் தலைமையேற்ற ஏ.எஃப்.டி. உறுப்பினர், தலைவர் தேர்தலுக்கு முன்பாக மற்ற கட்சிகள் கொண்டுவந்த தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு விட மறுத்தார். கூட்டம் கூச்சலில் முடிந்தது. விவகாரம் மாநில அரசமைப்பு நீதிமன்றம் சென்று, அதன் தலையீட்டுக்குப் பிறகே தலைவர் தேர்தல் நடந்தது. தற்காலிகத் தலைவரின் அதிகாரம் எதுவரை என்பது தெளிவாக இல்லாததன் விளைவு அது.

அமெரிக்காவில் 2023 அக்டோபர் 3 அன்று பிரதிநிதிகள் சபைத் தலைவர் கெவின் மெக்கார்த்தி நீக்கப்பட்டபோது, பேட்ரிக் மெக்ஹென்றி 'புரோ டெம்போரே' தலைவரானார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரங்கள் பிடித்தன. அந்த இடைவெளியில் மெக்ஹென்றிக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்து அவையை நடத்தலாம் என்ற யோசனை எழுந்தது. அது கைவிடப்பட்டது. புதிய தலைவரைத் தேர்ந்தெடுப்பதே தன் வேலை என்று அவர் தன் பணியைச் சுருக்கிக் கொண்டார். அவையின் வேலைகள் முடங்கின என்பது உண்மை. ஆனால், அந்த முடக்கமே உறுப்பினர்களை ஒரு முடிவுக்குத் தள்ளியது. தற்காலிகப் பதவி வசதியாக இருந்தால், நிரந்தரத் தீர்வுக்கு அவசரம் இராது.

இந்தியாவில் நாம் அஞ்ச வேண்டியது இந்த வசதியைத்தான். மக்களவை 'கூடிய விரைவில்' தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93-ஆவது பிரிவு. 2019 முதல் 2024 வரை, 17-ஆவது மக்களவையின் முழு ஆயுளிலும், துணைத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. அதற்கு முந்தைய அவையில் அந்தப் பதவியை வகித்தவர் அதிமுகவின் மு. தம்பிதுரை. மக்களவையிலும் 5 மாநிலப் பேரவைகளிலும் அந்தப் பதவி காலியாக இருப்பது குறித்த பொதுநல மனுவில் 2023-இல் உச்சநீதிமன்றம் மத்திய அரசின் பதிலைக் கேட்டது. 18-ஆவது மக்களவையின் முதல் ஓராண்டிலும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

இதற்கும் தற்காலிகத் தலைவருக்கும் என்ன தொடர்பு? மக்களவைத் தலைவர் பதவி விலக விரும்பினால், தன் கடிதத்தைத் துணைத் தலைவரிடம் அளிக்க வேண்டும் என்கிறது 94-ஆவது பிரிவு. துணைத் தலைவர் இல்லாத அவையில் அவர் யாரிடம் அளிப்பார்? இடைநடுவில் தலைவர் பதவி காலியானால், அவை தேர்ந்தெடுத்த துணைத் தலைவர் இல்லாத நிலையில், அமைச்சரவையின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினரே அவையை நடத்துவார். அரசைக் கேள்வி கேட்கும் அவையின் தலைமை, அதே அரசின் தேர்வாகிவிடும். அந்தத் தற்காலிகத்துக்குக் கடைசி நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.

அவைக்கு வெளியே இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட 'பொறுப்பு' என்ற சொல்லே சாட்சி. மாநிலக் காவல் துறையின் தலைமை அதிகாரிக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் உறுதியான பதவிக்காலம் வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பொறுப்பு டிஜிபி என்று யாரையும் நியமிக்கவே கூடாது என்று 2018-இல் மேலும் கண்டிப்புடன் கூறியது. அதன் பிறகும் பல மாநிலங்களில் அந்த வழக்கம் நீடிக்கிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில் தமிழகத்திலும் பொறுப்பு டிஜிபியே நியமிக்கப்பட்டார். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். நாளையே மாற்றப்படலாம் என்ற நிலையில் இருப்பவர், தன்னை அமர்த்தியவரின் முகத்தைப் பார்த்தே முடிவெடுக்கத் தூண்டப்படுவார். தற்காலிகப் பதவியின் பலவீனம் அதில் அமர்பவரின் குணத்தைப் பொறுத்தது அன்று. அந்த ஏற்பாட்டிலேயே அது பொதிந்திருக்கிறது.

என் பரிந்துரை எளியது. முதலாவதாக, மொத்த உறுப்பினர் காலம் அதிகமுள்ளவரே தற்காலிகத் தலைவர் என்று சட்டத்திலோ அவை விதிகளிலோ எழுதிவிட வேண்டும். இருவர் சமமானால் வயதில் மூத்தவர். அவர் மறுத்தால் பட்டியலில் அடுத்தவர். குடியரசுத் தலைவரோ ஆளுநரோ அந்தப் பெயரை அறிவித்தால் போதும், தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, உறுதிமொழி, தலைவர் தேர்தல் ஆகிய இரண்டைத் தவிர வேறு அலுவல் அவருக்குக் கூடாது. தலைவர் தேர்தலில் வாக்குகளை எண்ணுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுக்க, முதல் கூட்டத்திலிருந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் என்று காலக்கெடு வேண்டும்.

ஆட்சி ஆட்டம் காணும் நேரத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பைத் தலைவர் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போட்டால் குதிரை பேரத்துக்கு இடம் கொடுத்ததாகாதா என்ற கேள்வி நியாயமானது. மகாராஷ்டிரத்தில் நீதிமன்றம் கவலைப்பட்டதும் அதற்காகத்தான். ஆனால், வாக்குகளை எண்ணி நடத்தும் தலைவர் தேர்தலே பெரும்பான்மையை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். அதை ஒரே நாளில் முடித்து, அடுத்த அலுவலாக நம்பிக்கை வாக்கெடுப்பை வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை.

சச்சிதானந்த சின்ஹா அமர்ந்தது இரண்டு நாள் நாற்காலியில்தான். அவரை அங்கே அமர்த்தியது எந்தக் கட்சியின் கணக்கும் அன்று, அவருடைய வயது என்று அனைவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த முறை ஒரு தொங்கு பேரவை அமையும்போது, தற்காலிகத் தலைவரின் பெயரைக் கேட்டதும் 'அவர் எந்தக் கட்சி?' என்றுதான் நாம் முதலில் கேட்போம். அந்தக் கேள்விக்கே அவசியம் இல்லாத விதி ஒன்றை எழுதி முடித்த பிறகு, 'புரோ டெம்' என்பதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடுவதும் எளிதாகிவிடும்.